இம்மாத நாவல்: களவு பிரமாதம், கதை எப்படி?

பழையாற்றங்கரை

இந்த மாதம் நாம் எடுத்த ஓவியக் களவு நாவலைப் பாதிப் பேராவது முடித்திருப்பீர்கள் என்று நம்பி இழையைத் தொடங்குகிறேன். முடிவைப் பற்றியும் பேசப் போகிறோம். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் இங்கேயே திரும்பிப் போய்விடுங்கள், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

எனக்குப் பாதி பிடித்தது, பாதி எரிச்சல். பிடித்ததை முதலில் சொல்கிறேன். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் அந்தப் பெண், பஞ்சை எச்சிலில் நனைத்துப் படத்தின் மேல் படிந்த அழுக்கை எடுக்கிற அத்தியாயம். அது கதைக்காகக் கட்டிவிட்டது இல்லை, செப்பனிடுபவர்கள் உண்மையிலேயே அப்படிச் செய்வதுண்டு. எச்சிலில் இருக்கிற நொதிகள் அழுக்கை இளக்கும், கீழே இருக்கிற வண்ணத்துக்குக் கெடுதல் வராது. அவள் துடைத்துக்கொண்டிருப்பது அவளே திருடப் போகிற படம். நமக்கு அது தெரியும். பக்கத்தில் நின்று பாராட்டிக்கொண்டிருக்கிற அருங்காட்சியக இயக்குநருக்குத் தெரியாது. அந்த நாலு பக்கத்துக்காகவே புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம்.

எரிச்சல் களவில். ஐந்து பேர், ஆளுக்கொரு வித்தை, நொடிக்கணக்கில் திட்டம். ஒன்றுகூடப் பிசகவில்லை! உலகத்திலேயே பெரிய ஓவியக் களவு என்று சொல்லப்படுவதை எடுத்துப் பாருங்கள். 1990 மார்ச் 18 அதிகாலை, பாஸ்டனில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம். போலீஸ் உடுப்பில் இரண்டு பேர் வந்து மணியை அடித்தார்கள், காவலர் கதவைத் திறந்துவிட்டார். திட்டம் அவ்வளவுதான். 81 நிமிடம் சாவகாசமாக உள்ளே இருந்திருக்கிறார்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் படம் ஒன்று, ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடல் காட்சி என்று மொத்தம் 13 பொருட்கள் போயின. ரெம்பிராண்டைச் சட்டத்திலிருந்து கத்தியால் அறுத்தே எடுத்திருக்கிறார்கள். கலை தெரிந்த எவனாவது அதைச் செய்வானா? கூடவே, நெப்போலியன் காலத்துக் கொடி ஒன்றின் உச்சியில் இருந்த கழுகுப் பொம்மையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதே கட்டடத்தில் டிஷியன் வரைந்த மிகப் புகழ்பெற்ற படம் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொடவே இல்லை. இன்றுவரை அந்த 13-ல் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அதாவது அரைகுறை அறிவும் அதிர்ஷ்டமும் சேர்ந்து ஜெயித்திருக்கிறது. இந்த நாவலாசிரியருக்கு அதிர்ஷ்டத்தின் மேல் நம்பிக்கையே இல்லை. எல்லாவற்றுக்கும் மூளைதான் காரணம் என்கிறார். எனக்கு 5-க்கு 3.


குளச்சல் துறை

அண்ணாச்சி, உங்களுக்கு எதையாவது முழுசாகப் பிடித்திருக்கிறதா? நான் ஒரே ராத்திரியில் முடித்தேன். களவு நடக்கிற அந்தப் பன்னிரண்டு பக்கம் வாசிக்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. கதை என்றால் அப்படி இழுக்க வேண்டும். நிஜத்தில் நடப்பதுபோலவே நடக்க வேண்டுமென்றால் தினத்தந்தி வாங்கிப் படித்துவிட்டுப் போகலாமே.

ஒரே ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். படத்தை மீன்பிடிப் படகில், மீனை ஐஸில் போட்டு வைக்கிற அறைக்குள் ஒளித்துக் கடத்துகிறார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் விசைப்படகு உண்டு. அந்த அறையில் ஒரு ராத்திரி இருந்த சாக்குக்கே என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐஸ் தண்ணி, மீன் ரத்தம், உப்பு எல்லாம் சேர்ந்து அடியில் தேங்கி நிற்கும். நானூறு வருஷத்துப் படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதில் வைத்தார்களாம். மறுநாள் எடுத்தபோது புதுப்படம்போல மின்னியதாம். ஆசிரியர் படகைக் கரையிலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

ஆனாலும் 5-க்கு 5. போங்கள்.


தக்கலை டிராயிங் மாஸ்டர்

ஐஸ் இருக்கட்டும் தம்பி, அதற்கு முன்னாலேயே படம் போய்விட்டது.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் படம் ஓக் பலகையில் தீட்டியது என்று ஆசிரியரே எழுதுகிறார். சரிதான், 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் சின்னப் படங்களைப் பெரும்பாலும் ஓக் பலகையில்தான் தீட்டினார்கள். களவு நடக்கிற அத்தியாயத்தில் அவள் அதைச் சட்டத்திலிருந்து எடுத்து, சுருட்டி, குழாயில் போட்டுக்கொண்டு போகிறாள். பலகையை எப்படி ஐயா சுருட்டுவது?

துணியில் தீட்டிய படம் என்றால்கூட அவள் செய்வது தப்பு. வண்ணம் உள்பக்கம் வரும்படி சுருட்டுகிறாள். பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் பழைய வண்ணம் உள்ளுக்குள் நெரிந்து உடைந்து பெயரும். வண்ணம் வெளியே இருக்கும்படி, அகலமான உருளையில் சுற்றுவதுதான் முறை. இருபது வருஷம் ஓவியங்களைச் செப்பனிட்டவள் என்று சொல்லப்படுகிற ஒருத்திக்கு இது தெரியாதா? எச்சில் பஞ்சு அத்தியாயத்துக்கு ஆசிரியர் யாரிடமோ நன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அதே ஆளிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

குளச்சல் தம்பி இதையெல்லாம் தாண்டிப் படித்துவிட்டார். என்னால் முடியவில்லை. அந்த வரிக்குப் பிறகு எந்த வரியையும் நம்பிப் படிக்க முடியவில்லை.


ஆரல்வாய்மொழி காற்று

யாரிடமாவது இதன் பிடிஎஃப் இருக்கிறதா? தனிச்செய்தியில் அனுப்பினால் போதும்.


பழையாற்றங்கரை

களவு நாவலையே களவாடிப் படிக்கப் போகிறீர்களா? இங்கே பிடிஎஃப் பேச்சு வேண்டாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் என் பிரதியைத் தருகிறேன், வடசேரி பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.


மார்த்தாண்டம் டீச்சர்

மாஸ்டர் சொன்ன பலகை விஷயம் சரி. ஆனால் பலகையோடு புத்தகத்தையும் சேர்த்து வெளியே வீச வேண்டுமா?

ஆண்கள் எல்லோரும் களவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்த நாவல் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றியது. அதே அருங்காட்சியகத்தில் அம்மா தரை துடைத்தவர். முப்பது வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே துடைத்திருக்கிறார், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஏன் என்று மகள் கேட்கும்போது, ‘அதைப் பார்க்க எனக்குச் சம்பளம் தரவில்லை’ என்கிறார். மகளுக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கிற ஆசைக்கும் கோபத்துக்கும் அதுதான் வேர். பணத்துக்காக அவள் திருடவில்லை என்பதை ஆசிரியர் எங்கேயும் விளக்காமல் விட்டிருக்கிறார், அது எனக்கு நிறைய பிடித்திருந்தது.

பிடிக்காதது அந்த இன்சூரன்ஸ் துப்பறிவாளர். விவாகரத்து ஆனவர், குடிப்பவர், மழையில் தனியாக நடப்பவர். இவரை நாம் எத்தனை நாவலில் பார்த்தாயிற்று! இவர் வருகிற அத்தியாயங்களை மட்டும் வேகமாகப் புரட்டினேன், கதையில் ஒன்றும் தவறிப்போகவில்லை.

முடிவும் எனக்குச் சம்மதமில்லை. சுவரில் இருந்தது நகல், அசல் எப்போதோ இயக்குநர் வீட்டுக்குப் போய்விட்டது என்று கடைசி மூன்று பக்கத்தில் சொல்கிறார். அப்படியானால் அந்த அம்மா முப்பது வருஷம் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தது ஒரு நகலையா? அந்த இடத்துக்கு மகள் போக வேண்டாமா? போகவில்லை. திருப்பம் கொடுத்த சந்தோஷத்தில் ஆசிரியர் அவளை மறந்துவிட்டார்.


தோவாளை பூச்சந்தை

முடிவைச் சொல்லித் தொலைத்துவிட்டீர்களே டீச்சர்! இன்னும் எண்பது பக்கம் பாக்கி இருந்தது.


குளச்சல் துறை

முதல் பதிவிலேயே எச்சரிக்கை இருக்கிறது மக்கா. இழையைத் திறந்தது நீ.


தக்கலை டிராயிங் மாஸ்டர்

நகல் விஷயத்துக்கு வருகிறேன். ஓக் பலகை என்றால் அதன் ஓரத்தில் ஆண்டு வளையங்கள் தெரியும். அதை அளந்து, அந்த மரம் எந்த வருஷம் வரை வளர்ந்தது என்று கண்டுபிடிக்கலாம். டச்சுப் படங்களுக்கு இது வழக்கமான சோதனை. முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த நகல் என்றால், நகல் செய்தவன் அந்தக் காலத்துப் பலகை ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தால் மட்டுமே தப்பிக்க முடியும். கெட்டிக்காரப் போலிக்காரர்கள் அப்படித் தேடுவதும் உண்டு, விலை போகாத பழைய படத்தை வாங்கிச் சுரண்டிவிட்டு அதன்மேல் தீட்டுவார்கள். இதை ஒரு பாராவில் எழுதியிருந்தால் முடிவு நின்றிருக்கும்.


வடசேரி வக்கீல்

நகல் திருப்பம் பொய்யென்று யாரும் சொல்ல வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிவபுரம் நடராஜர் 1950-களில் செப்பனிடப் போனார். கோயிலுக்குத் திரும்பி வந்தது புதிதாக வார்த்த நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா போய், 1973-இல் நார்ட்டன் சைமன் என்ற பெரும் பணக்காரரிடம் சேர்ந்தது. 1986-இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. கோயிலில் பூசை வாங்கியது நகல். நாவலாசிரியர் யோசித்ததைவிடப் பெரிய முடிச்சு இதில் இருக்கிறது.

என் குறை வேறு. படத்தை எடுத்த நாலாவது நாள் ஜெனீவாவில் ஒருவர் பெட்டி நிறைய பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார். யார் அவர்? எதற்கு? உலகமே தேடுகிற படத்தை அவரால் தொங்கவிட முடியாது, விற்க முடியாது, வங்கியில் காட்டிக் கடன் வாங்கவும் முடியாது. மோனா லிசாவைத் திருடிய வின்சென்சோ பெருஜியா அதை இரண்டு வருஷம் தன் அறையில் பெட்டிக்குள் வைத்திருந்தார். கடைசியில் ஃபுளோரன்ஸில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனதும் 1913 டிசம்பரில் பிடிபட்டார். 2002-இல் ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்திலிருந்து போன இரண்டு படங்கள் 2016-இல் இத்தாலியில், நேப்பிள்ஸ் பக்கம் கமோரா கும்பலைச் சேர்ந்தவர்களின் வீட்டில் கிடைத்தன. எடுப்பது சுலபம், வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. புகழ்பெற்ற படம் திருடனுக்குச் சுமை.

யாருக்கும் தெரியாத பொருளாக இருந்தால் கதையே வேறு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த கோயில். எடுத்ததை ஊர்க்காரர்கள் உடனே கவனிக்கவில்லை. நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரின் கடைக்குப் போய், அங்கிருந்து 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. களவு நடந்த ராத்திரியில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. சாமர்த்தியம் முழுக்கக் காகிதத்தில். இந்தச் சிலை பல வருஷத்துக்கு முன்பே, பழங்காலப் பொருட்களை வெளிநாடு கொண்டுபோகத் தடை விதித்த சட்டம் வருவதற்கு முன்பே, இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று காட்டும் போலி ஆவணங்கள். அதை உடைத்ததும் காகிதம்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்களில் அதே நடராஜர் கோயிலுக்குள் நின்றுகொண்டிருந்தார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

ஒரு போலி ரசீதை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு நாவல் எழுதுங்கள், நான் ராத்திரி முழுக்க முழித்திருந்து படிப்பேன்.


குளச்சல் துறை

ரசீதைப் பற்றி நாவலா! வக்கீல் சார், நீங்கள் ஒருவர்தான் வாங்குவீர்கள்.


சுசீந்திரம் தெப்பக்குளம்

வக்கீல் சார் நடராஜரைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். இதே நாவலில் அந்த டச்சுப் படத்துக்குப் பதில் நம்மூர்க் கோயில் விக்கிரகம் இருந்தால் நீங்கள் யாராவது ‘பன்னிரண்டு பக்கம் பறந்தது’ என்று எழுதுவீர்களா? திருடி மேல் பாசம் வருமா? எனக்கு வராது. இன்னொருவன் ஊர்ப் பொருள் என்பதால்தான் ஜாலியாக இருக்கிறது.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் திருவட்டாறு கதை தெரியும். ஆதிகேசவப் பெருமாளின் தங்கம் போனது கயிற்றில் இறங்கிய ஐந்து பேரால் இல்லை. உள்ளே புழங்கியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். வழக்கு கால் நூற்றாண்டுக்கும் மேல் இழுத்தது. 2022-இல் 418 வருஷத்துக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தபோது கூட்டத்தில் நின்று நான் கேட்ட பேச்சில் பாதி அந்தத் தங்கத்தைப் பற்றித்தான். அதை வைத்து யாராவது விறுவிறுப்பான நாவல் எழுதினால் நான் தொடமாட்டேன்.


குளச்சல் துறை

அக்கா, இது நியாயம் இல்லை. ஐரோப்பாவில் மட்டும் எல்லாம் காட்சிப்பொருளா? பெல்ஜியத்தில் கென்ட் நகரப் பேராலயத்தின் பீடப்படத்தில் ஒரு பலகை, ‘நேர்மையான நீதிபதிகள்’ என்பது, 1934-இல் திருடு போனது. இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது நகல்தான் இருக்கிறது. அது ஆலயம். அங்கேயும் ஜெபிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் களவைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் விறுவிறுப்பாகத்தான் பேசிக்கொள்வார்கள், வருத்தமும் படுவார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு சுரூபம் போனாலும் எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே எப்படி எடுத்தான் என்றும் கேட்பேன்.


சுசீந்திரம் தெப்பக்குளம்

கேட்பது வேறு தம்பி, கைதட்டுவது வேறு. ஆனால் கென்ட் விஷயம் எனக்குப் புதிது. யோசிக்கிறேன்.


வடசேரி வக்கீல்

அக்காவின் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு அழகான பதில் உண்டு. பத்தூர் நடராஜர். 1976-இல் ஒரு கூலித்தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைத்த விக்கிரகம் கைமாறி லண்டன் போனது. அங்கே ஒரு கம்பெனி வாங்கி, சுத்தம் செய்யக் கொடுத்திருந்த இடத்தில் போலீஸ் பறிமுதல் செய்தது. இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது உரிமை கோரியவர்களில் ஒருவர், அந்தப் பாழடைந்த கோயிலின் சிவலிங்கம். நம் சட்டப்படி தெய்வத்துக்குச் சொத்து உண்டு, வழக்காடும் உரிமையும் உண்டு. விக்கிரகத்தில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூடச் சாட்சியாக ஆராய்ந்தார்கள். கோயில் பக்கம் தீர்ப்பாகி 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார்.

நம் நாவலில் படம் யாருடையது என்ற கேள்வியே இல்லை. இயக்குநருடையதா, நகரத்துடையதா, முப்பது வருஷம் கீழே துடைத்த அம்மாவுடையதா? டீச்சர் சொன்ன அம்மா பாத்திரம் இந்தக் கேள்வியின் வாசல் வரைக்கும் வந்துவிட்டு நிற்கிறது.


ராத்திரி டியூட்டி

எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்களா? நான் பேசலாமா?

நாகர்கோவிலில் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கிறேன். இந்த நாவலை முழுக்க டியூட்டியில் உட்கார்ந்துதான் படித்தேன், அதனால் எனக்கு ஒரு பாத்திரம்தான் கண்ணில் பட்டது. காவலர். அவருக்குப் பெயர்கூட ஆறாவது முறை வரும்போதுதான் வைக்கிறார்கள். பிளாஸ்க் காபி குடிக்கிறார், குறுக்கெழுத்துப் போடுகிறார், தூங்கிவிடுகிறார். களவு முடிந்ததும் போலீஸ் அவரைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு அத்தியாயம் விசாரணை. அப்புறம் அவர் என்ன ஆனார்? வேலை போச்சா? பெஞ்சாதி என்ன சொன்னாள்? ஒன்றும் இல்லை. ஐந்து திருடர்களுக்கும் சின்ன வயசுக் கதை இருக்கிறது. இவருக்கு ஒரு பிளாஸ்க் இருக்கிறது.

காவலர் வேலை திருடனைப் பிடிப்பது என்று கதை எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வேலை சுற்றி வருவது, நோட்டில் கையெழுத்துப் போடுவது, கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பது. அலாரம் அடிக்கும். பல்லி ஓடினால் அடிக்கும், மின்னல் வெட்டினால் அடிக்கும், கரண்டு போய் வந்தால் அடிக்கும். முதலில் எல்லாம் ஓடிப் போய்ப் பார்ப்போம். மேலே போன் செய்வோம். ‘ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்கு எழுப்புற?’ என்று திட்டு வாங்குவோம். சென்சாரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்போம், மாற்ற மாட்டார்கள். அதற்கப்புறம் ஒருநாள் அலாரம் அடித்தால், நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்வோம். அன்றைக்குத்தான் திருடன் வருவான். காவலர் தூங்கினார் என்று பேப்பரில் வரும்.

நாவலில் திருடர்கள் அலாரத்தை முறியடிக்க ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து முப்பது பக்கம் ஆராய்ச்சி செய்கிறார்கள். எதற்கு? இந்த அலாரம் எத்தனை தடவை சும்மா அடித்திருக்கிறது என்று என்னிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

பழையாற்றங்கரை அண்ணாச்சி அந்த பாஸ்டன் கதையைச் சொன்னார். கதவைத் திறந்த காவலர் சின்னப் பையன். கையில் விலங்கு மாட்டி, முகத்தில் டேப் சுற்றி, கீழ்த்தளத்தில் கட்டிப் போட்டார்கள். காலையில்தான் ஆள் வந்து அவிழ்த்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக, உனக்கும் பங்கு உண்டா என்றுதான் அவனைக் கேட்டார்கள். 1994-இல் நார்வேயில் ‘அலறல்’ ஓவியத்தைத் திருடியவர்கள் ஏணி வைத்து ஜன்னலை உடைத்து எடுத்துக்கொண்டு, ‘மோசமான பாதுகாப்புக்கு நன்றி’ என்று அட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். உலகமே சிரித்தது. அந்த நன்றி காவலருக்கு இல்லை, ஜன்னலுக்குக் கம்பி போடக் காசு இல்லை என்று சொன்னவருக்கு. ஆனால் சிரிப்பு யார் மேல் விழுந்திருக்கும்?

5-க்கு 2. அந்த 2-ம் டீச்சர் சொன்ன அம்மாவுக்கு. தரை துடைக்கிறவரை எழுதத் தெரிந்த ஆளுக்கு வாசலில் நிற்கிறவரை எழுதத் தெரியவில்லையே என்றுதான் ஆதங்கம்.


மார்த்தாண்டம் டீச்சர்

நான் படித்தபோது அந்தக் காவலரைக் கவனிக்கவே இல்லை. இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி, ஐந்து இடத்தில் ‘காவலர்’ என்று மட்டும்தான் இருக்கிறது.


கோட்டார் பிள்ளை

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன், இது முதல் பதிவு.

எனக்கு நாவல் பிடித்தது. ஆனால் படிக்கும்போதெல்லாம், ஏன் இது நம்ம மாவட்டத்தில் நடக்கக் கூடாது என்றே தோன்றியது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். களவு போனால் தக்கலை போலீஸ் வரும், பொருளின் பட்டியல் திருவனந்தபுரத்தில் இருக்கும். இரண்டு மாநிலத்துக்கும் கடிதப் போக்குவரத்து நடந்து முடிவதற்குள் திருடன் பேரன் பேத்தி எடுத்துவிடுவான்.

இன்னொன்று. மோனா லிசா திருடு போனது 1911 ஆகஸ்ட் 21, திங்கள்கிழமை. அது இருந்த பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்றைக்கு விடுமுறை. பெருஜியா அங்கே முன்பு வேலை பார்த்தவர், அதனால் வேலைக்காரர்களோடு வேலைக்காரராகத் தெரிந்தார். படம் இல்லை என்று மறுநாள் வரைக்கும் யாரும் கவலைப்படவில்லை, போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பத்மநாபபுரத்துக்கும் திங்கள்தான் விடுமுறை!

சும்மா ஒரு கதைக்குக் கேட்கிறேன், அங்கே எதை எடுக்கலாம்?


தக்கலை டிராயிங் மாஸ்டர்

எங்கள் ஊர் அரண்மனைக்கே குறி வைக்கிறாயா பிள்ளே!

மேல்மாடியில் இருக்கிற சுவரோவியங்கள்தான் அங்கே பெரிய செல்வம். அதை எடுக்கச் சுவரையே பெயர்க்க வேண்டும். மூலிகை மரக் கட்டில் இருக்கிறது, அதைத் தூக்க ஐந்து பேர் போதாது. மரவேலை முழுக்கக் கட்டடத்தோடு ஒன்றாகக் கோத்தது. அரண்மனையைக் கட்டியவர்களுக்கு உன்னைப் போன்றவர்களைத் தெரிந்திருக்கிறது.

ஓவியம் வரைந்த பலகையைச் சுருட்டத் தெரிந்த அந்த நாவலாசிரியர் வந்தால் ஒருவேளை கட்டிலையும் சுருட்டிவிடுவார்.


குளச்சல் துறை

கன்னியாகுமரி பகவதியின் மூக்குத்தி? வைர ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல் பாறையில் மோதியதாம், அதனால் கிழக்கு வாசலையே மூடி வைத்தார்களாம். அதுதான் கதை. ஒரு பொருளுக்காக வாசலை மூடியிருக்கிறார்கள் என்றால் களவு நாவலுக்கு வேறென்ன வேண்டும்?


சுசீந்திரம் தெப்பக்குளம்

தம்பி, மூக்குத்தியைத் தொடாதே. இவ்வளவு நேரம் நான் சொன்னது காதில் விழவில்லையா?


குளச்சல் துறை

விட்டுவிட்டேன் அக்கா. கட்டிலே போதும்.


வடசேரி வக்கீல்

கோட்டார் பிள்ளைக்கு ஒரு திருத்தம். அதிகார எல்லையில் குழப்பம் ஒன்றும் வராது. குற்றம் நடந்த இடம் தக்கலை, வழக்கு தக்கலையில்தான். சிலை, தொல்பொருள் என்றால் தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது, 1983-இலிருந்து. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் கடத்துகிறவர்கள் புதுக் கைவினைப் பொருள் என்று எழுதி, புதுச் சிலைகளோடு கலந்து அனுப்புகிறார்கள். உன் கதையில் திருடர்கள் பத்மநாபபுரத்தை விட்டு வெளியே வருவதில் அல்ல, துறைமுகத்தில் அந்தப் படிவத்தை நிரப்புவதில்தான் பதற்றம் இருக்க வேண்டும்.

ஆமாம், மறுபடியும் காகிதம்தான். குளச்சல் தம்பி சிரித்துக்கொள்ளட்டும்.


பழையாற்றங்கரை

எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி போடச் சொல்லித் தனிச்செய்தியில் சிலர் கேட்டிருக்கிறார்கள். போடமாட்டேன். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு எண்ணை எழுதினால் அது இங்கே ஒருவருடைய கருத்தாகவும் இருக்காது.

என் 3 அப்படியே நிற்கிறது. காரணம் மட்டும் கூடிவிட்டது. அதிர்ஷ்டத்துக்கு இடம் இல்லை என்று எழுதியிருந்தேன். ராத்திரி டியூட்டி எழுதியதைப் படித்த பிறகு, அதிர்ஷ்டம் என்று நான் சொன்னதில் பாதி, யாரோ மாற்றாமல் விட்ட சென்சார் என்று தோன்றுகிறது. திருடனுக்கு மட்டுமே மூளை கொடுக்கிற நாவலில் அலட்சியத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. இயக்குநரை வில்லனாக்கியதற்குப் பதில் வெறும் கஞ்சனாக வைத்திருந்தாலே போதும்.

தோவாளை, மீதி எண்பது பக்கத்தை முடித்தீர்களா?


தோவாளை பூச்சந்தை

முடித்தேன். முடிவு தெரிந்தும் நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இயக்குநர் மேல் மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே சந்தேகம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறார். படத்தைத் துடைக்கும்போது ஓரத்தைத் தொடாதே என்று இரண்டு தடவை சொல்கிறார் பாருங்கள். மாஸ்டர் சொன்ன மர வளையம் அங்கேதானே இருக்கும்?


தக்கலை டிராயிங் மாஸ்டர்

அட! அது என் கண்ணில் படவில்லை. சரி, அரை மதிப்பெண் கூட்டுகிறேன். சுருட்டியதை மன்னிக்க மாட்டேன்.


கோட்டார் பிள்ளை

நான் நிஜமாகவே எழுத ஆரம்பித்துவிட்டேன். அரண்மனைக் கதை. கட்டிலைத் தூக்கவில்லை மாஸ்டர், கவலைப்படாதீர்கள். முதல் அத்தியாயமே காவலர்தான். ராத்திரி டியூட்டி அண்ணே, எழுதியதை அனுப்பினால் ஒருதடவை பார்த்துச் சொல்வீர்களா?


ராத்திரி டியூட்டி

அனுப்பு பிள்ளே. பத்து மணிக்கு மேல் அனுப்பு, அப்போதுதான் நிம்மதியாகப் படிப்பேன்.

இப்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். காவலருக்கு முதல் பக்கத்திலேயே பெயர் வை. அப்புறம், ரெண்டு மணிக்கு அவரைத் தூங்க வைக்காதே, ரெண்டு மணிக்கு யாருக்கும் தூக்கம் வராது. நாலு மணிக்கு வரும். திருடன் விவரம் தெரிந்தவன் என்றால் நாலரைக்கு வரட்டும்.